வேலை போனால் மனம் ஏன் சுருங்குகிறது?

தேனி மாவட்டத்துக் கூடலூரிலிருந்து கேரள எல்லையிலுள்ள குமுளிக்கு ஒன்பது ஆண்டுகள் நாள்தோறும் மலையேறி இறங்கியவன் நான். ஏலக்காய்க் கடை ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. காலை ஏழரை மணி பஸ், லோயர் கேம்ப் தாண்டியதும் முகத்தில் அடிக்கும் குளிர்காற்று, சோதனைச் சாவடியில் இறங்கி நடந்தே கேரளத்துக்குள் நுழைவது, அந்தப் பக்கத்து முதல் கடையில் ஒரு கட்டன் சாயா. பிறகு ஒருநாள் கடையை மூடிவிட்டார்கள். சம்பளம் நின்றுவிடும் என்று தெரியும். அதற்கு வேண்டிய கணக்கைப் போட்டு வைத்திருந்தேன். மூன்றாவது வாரத்தில் குளிக்கவும் தோன்றாமல் நண்பகல்வரை பாயில் கிடப்பேன் என்பது மட்டும் என் கணக்கில் இல்லை.

"இவனுக்குச் சோம்பல் ஏறிவிட்டது" என்று வீட்டில் நினைத்தார்கள். நானும் அப்படியே நம்பினேன். அந்த நம்பிக்கை தவறு என்று தெரிந்துகொள்ளப் பதினொரு மாதம் ஆனது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் சொல்லியிருந்தால் பாதி நாளாவது மிஞ்சியிருக்கும். இப்போது அப்படிச் சுருண்டு கிடக்கும் ஒருவருக்காகவும், அவரைப் பார்த்துத் தவிக்கும் வீட்டாருக்காகவும் எழுதுகிறேன்.

சம்பளத்தோடு சேர்ந்து போகிறவை

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குத் தெற்கே மரியெந்தால் என்று ஒரு சிற்றூர். ஊரே ஒரு நெசவாலையை நம்பிப் பிழைத்தது. 1929-30 பொருளாதார வீழ்ச்சியில் அந்த ஆலை மூடப்பட்டது. பெரும்பாலான வீடுகளில் சில மாதங்களுக்குள் வேலை போயிற்று. மாரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகிய ஆய்வாளர்கள் ஒரு குழுவோடு அந்த ஊருக்குள் சென்று, மக்களோடு பழகி, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். ஆய்வு 1933-இல் வெளியானது.

நேரம் தாராளமாகக் கிடைத்ததே, நிறையப் படித்திருப்பார்கள், கூடிப் பேசியிருப்பார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பதற்கான கட்டணத்தைக்கூட நீக்கியிருந்தார்கள். ஆனால் இரண்டே ஆண்டுகளில், எடுக்கப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. தெருவில் ஆண்கள் நடக்கும் வேகத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். எங்கும் போக வேண்டியிராத அந்த மனிதர்கள் மெல்ல நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெரும்பாலான ஆண்கள் கடிகாரமே அணிந்திருக்கவில்லை. நேற்று முழுவதும் என்ன செய்தீர்கள் என்று எழுதித் தரச் சொன்னபோது, எழுந்தது, சாப்பிட்டது, படுத்தது என்று மூன்று நான்கு செய்திகளுக்கு மேல் அவர்களுக்கு நினைவில் இல்லை. இடைப்பட்ட மணிநேரங்கள் எங்கே போயின என்று அவர்களுக்கே தெரியவில்லை.

ஓர் ஊரே ஒரே மாதத்தில் சோம்பேறியாகிவிடுமா? முடியாது அல்லவா? அப்படியானால் ஆலையோடு சேர்ந்து வேறு ஏதோ போயிருக்கிறது. என் மீது நானே சுமத்திக்கொண்ட பழியை இறக்கி வைக்க இந்த ஒரு கேள்வி எனக்குப் போதுமானதாக இருந்தது.

இதைப் படித்தபோது எனக்குக் குமுளிக்கு அப்பால் உள்ள பீர்மேடுதான் நினைவுக்கு வந்தது. 2000-ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை சரிந்து, அந்த வட்டாரத்தில் பல எஸ்டேட்டுகள் மூடப்பட்டன. தலைமுறை தலைமுறையாக லயங்கள் என்னும் எஸ்டேட் வரிசை வீடுகளில் குடியிருந்து கொழுந்து கிள்ளிய தமிழ்க் குடும்பங்கள் கூலியின்றி நின்றன. பட்டினியைப் பற்றி அப்போது எல்லோரும் பேசினார்கள். அதைப் பேசத்தான் வேண்டும். ஆனால் வண்டிப்பெரியாறு பக்கம் இருந்த என் பெரியப்பா வேறொன்றையும் சொன்னார்: "சங்கு ஊதாத காலையில் எதற்கு எழுந்திருக்கிறோம் என்றே தெரியவில்லை, தம்பி." எனக்கு அப்போது அது புரியவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து என் பாயில் கிடந்தபோது புரிந்தது.

யஹோடா பிற்காலத்தில் இதை ஒரு கருத்தாகவே வகுத்துச் சொன்னார். வேலையின் வெளிப்படையான பயன் கூலி. கண்ணுக்குத் தெரியாமல் அது இன்னும் ஐந்து காரியங்களைச் செய்கிறது. நாளுக்கு ஒரு சட்டகம் போட்டுத் தருகிறது. வீட்டுக்கு வெளியே மனிதர்களைச் சந்திக்க வைக்கிறது. நம்மைவிடப் பெரிய ஏதோ ஒன்றில் நமக்கும் பங்கு உண்டு என்ற உணர்வைத் தருகிறது. "நான் இன்னார்" என்று சொல்லிக்கொள்ள ஓர் அடையாளம் தருகிறது. கையையும் உடம்பையும் ஓயாமல் இயக்குகிறது. இவற்றில் எதற்கும் நாம் தனியாக முயன்றதில்லை. பஸ் பிடிக்க ஓடியதில் நாளின் சட்டகம் தானாகக் கிடைத்தது. சாயாக்கடையில் நின்றதில் மனிதர்கள் தானாகக் கிடைத்தார்கள். அதனால்தான் அவை போனபோது, போனது எது என்று பெயர் சொல்லத் தெரியவில்லை. பெயர் தெரியாத இழப்பை மனிதர்கள் தங்கள் குணக்கேடாக எடுத்துக்கொள்கிறார்கள்.

பெண்களின் நிலை இன்னும் மறைவானது. வேலை போனாலும் அடுப்பும் துணியும் பிள்ளைகளும் இருப்பதால் அவர்களின் நாள் நிறைந்திருப்பதுபோலத் தெரியும். மரியெந்தாலிலும் பெண்கள் சுறுசுறுப்பாகவே நடந்தார்கள். ஆனால் ஆலைக்குத் திரும்ப முடிந்தால் போதும், பணத்துக்காக மட்டும் இல்லை என்ற ஏக்கம் அவர்களிடம் இருந்தது. எங்கள் தெருவில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போய்வந்த அக்காமார்களும் இதையேதான் சொல்வார்கள். முறத்தைச் சுற்றி உட்கார்ந்து பேசிய பேச்சு வீட்டுச் சமையலறையில் கிடைப்பதில்லை. "நீதான் வீட்டில் வேலையாக இருக்கிறாயே" என்று அவர்களிடம் சொல்வது பெரிய அநியாயம்.

சுழல் எப்படி உண்டாகிறது

இழப்பு ஒரு பக்கம் இருக்க, அதன்மேல் நாமே அறியாமல் கட்டும் ஒரு சுழல் இருக்கிறது. என் கதையிலேயே அதைக் காட்டுகிறேன்.

கம்பத்தில் ஒரு கல்யாணம். போனால், "இப்போது எங்கே வேலை?" என்று பத்துப் பேர் கேட்பார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன். அந்தச் சில மணிநேரம் நெஞ்சில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் பொறி. தவிர்த்தால் நிம்மதி கிடைக்கிறது என்று மனம் கற்றுக்கொள்கிறது. அடுத்து வளைகாப்பைத் தவிர்த்தேன். பிறகு கோயில் திருவிழா. பிறகு முடிவெட்டும் கடை. கடைசியில் தொலைபேசி அடித்தாலே எடுப்பதில்லை. தவிர்க்கத் தவிர்க்க, மனத்தைக் கொஞ்சமாவது மலரச்செய்யும் சந்தர்ப்பங்களும் சேர்ந்தே அற்றுப்போகின்றன. மனம் மேலும் தாழ்கிறது. தாழ்ந்த மனத்துக்கு எழுந்திருக்கத் தெம்பில்லை. தெம்பில்லாததால் இன்னும் தவிர்க்கிறோம்.

தனிமை இதற்குள் இன்னொரு வேலையும் செய்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் தனிமையை ஆராய்ந்த உளவியலாளர் ஜான் கசியோப்போ அதைப் பசி, தாகம் போன்ற ஓர் எச்சரிக்கை உணர்வாகக் கருதினார். பசித்தால் உணவு தேடுகிறோம். தனித்துவிட்டால் மனிதரைத் தேட வேண்டும். சிக்கல் என்னவென்றால், நீண்ட நாள் தனித்திருப்பவரின் மனம் காவல்காரனைப்போல விழித்துக்கொண்டு, எதிரே வருபவர் முகத்தில் முதலில் வெறுப்பையே தேடுகிறது. அவசரமாகப் போகிறவர் நம்மைப் பார்க்காமல் போனால், "வேலையில்லாதவன் என்றுதானே முகத்தைத் திருப்பிக்கொண்டான்" என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றியவற்றில் பெரும்பாலானவை பொய் என்று பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஒருவர் அன்று தாயாரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வந்துகொண்டிருந்தார்.

மணி வந்தால் எழுவது

இந்தச் சுழலை எந்த இடத்தில் அறுப்பது? நாம் எல்லோரும் ஒரே இடத்தில்தான் கைவைக்கிறோம்: "மனம் சரியாகட்டும், பிறகு வெளியே போகலாம்." அந்த நாள் வருவதில்லை. 1970-களில் அமெரிக்காவின் ஆரெகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் லூயின்சன் என்ற உளவியலாளர் இதை வேறு முனையிலிருந்து பார்த்தார். மனிதனுக்கு நிறைவு தரும் செயல்கள் வாழ்க்கையிலிருந்து குறையும்போது மனம் சோர்கிறது. ஆகவே செயலை முதலில் திரும்பக் கொண்டுவர வேண்டும், மனம் பின்னால் வரும். இதிலிருந்து வளர்ந்த சிகிச்சை முறையைச் செயலூக்க முறை என்று தமிழில் சொல்லலாம். நம் மண்ணிலும் இது சோதிக்கப்பட்டிருக்கிறது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநல மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்களே இதைக் கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்குக் கற்றுத் தந்தார்கள். அந்த ஆய்வின் முடிவு 2017-இல் வெளியானது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஆறு முதல் எட்டுச் சந்திப்புகள்தான்.

முறையின் உயிர் ஒரே மாற்றத்தில் இருக்கிறது. "மனம் வந்தால் போவேன்" என்பதை "மணி வந்தால் போவேன்" என்று மாற்றுகிறோம். எப்படி என்று சொல்கிறேன்.

முதல் ஒரு வாரம் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு பழைய நோட்டில் மணிக்கு ஒரு வரி எழுதுங்கள்: என்ன செய்தேன், அப்போது மனம் பத்துக்கு எத்தனை. எனக்கு முதல் மூன்று நாட்கள் எல்லாமே இரண்டு, இரண்டு, மூன்று. எழுதி என்ன பயன் என்று வெறுத்துப்போனது. நான்காம் நாள் அம்மாவுக்காக ரேஷன் கடைக்குப் போய் அரைமணி நேரம் வரிசையில் நின்றேன். அன்று அந்த மணிக்கு ஐந்து போட்டிருந்தேன். படுத்துக்கொண்டே தொலைபேசியைத் தடவிய மூன்று மணிநேரத்துக்கு ஒன்று. ஓய்வு என்று நான் நினைத்தது என்னைத் தின்றுகொண்டிருந்தது. தொல்லை என்று நினைத்தது என்னைத் தூக்கிவிட்டது. இதை யாரும் சொல்லி நான் நம்பியிருக்க மாட்டேன், என் கையெழுத்தே சொன்னதால் நம்பினேன்.

அடுத்த வாரம், மதிப்பெண் உயர்ந்த செயல்களில் ஒன்றிரண்டை எடுத்து, நாளும் மணியும் குறித்து வையுங்கள். இரண்டு வகையும் கலந்திருக்கட்டும்: மனத்துக்கு இதமானது ஒன்று, முடித்தால் "செய்துவிட்டேன்" என்ற நிறைவு தருவது ஒன்று. சிறியதாக இருப்பது முக்கியம். "வேலை தேட வேண்டும்" என்று எழுதினால் மலையைப் பார்த்ததுபோல மனம் படுத்துவிடும். "பத்து மணிக்குப் பழைய கடைக்காரர் ஒருவருக்குத் தொலைபேசி செய்ய வேண்டும்" என்று எழுதினால் அது ஒரு படி. நான் முதலில் எழுதியது, காலை ஏழரைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை நடந்து திரும்ப வேண்டும் என்பதுதான். பஸ் ஏறவில்லை. அந்த நேரத்தில் அந்த இடத்தில் நின்றேன், அவ்வளவே. நிறுத்தத்தில் நின்றவர்கள் இருவர் பேசினார்கள்.

முதல் நாட்களில் சந்தோஷம் வராது என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். செய்துமுடித்த பின்னும் மனம் மூன்றிலேயே நிற்கலாம். அது தோல்வி இல்லை. வறண்ட வாய்க்காலில் முதல் தண்ணீரை மண்ணே குடித்துவிடும். வயலுக்கு வருவது பிறகுதான். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் திறந்துவிட்ட நாளில் எங்கள் பக்கத்து விவசாயி யாரும் அன்றே வயலில் போய் நின்று ஏமாந்துபோவதில்லை. இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் அதே மணிக்குத் தொடருங்கள், விட்டுப்போனதைச் சேர்த்துச் செய்ய வேண்டாம்.

மனிதரிடம் திரும்புவது

மனிதரிடம் திரும்புவதற்கும் படிகள் உண்டு. நேராகக் கல்யாண மண்டபத்தில் போய் நிற்க வேண்டாம். யாரும் கேள்வி கேட்காமல் உட்கார விடும் இடங்களிலிருந்து தொடங்கலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஊருக்கு ஊர் இருக்கும் வாயனசாலைகளை நான் எவ்வளவு நன்றியோடு நினைக்கிறேன் என்று சொல்லி முடியாது. பி.என். பணிக்கர் 1945-இல் தொடங்கிய நூலக இயக்கம் கேரளத்துக்குக் கொடுத்த சொத்து அது. பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கலாம், காசு வேண்டாம், எதற்கு வந்தாய் என்று எவரும் கேட்கமாட்டார்கள். இரண்டாம் வாரம் தலையசைப்பார்கள். நான்காம் வாரம் பெயர் கேட்பார்கள். நம் பக்கத்து ஊர்ப்புற நூலகங்களிலும் அந்த பெஞ்ச் இருக்கிறது. கேரளத்தில் வாழும் தமிழ்ப் பெண்களுக்குக் குடும்பஸ்ரீ அயல்கூட்டம் இன்னும் பெரிய துணை. 1998-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் தவறாமல் கூடிப் பேசுகிறார்கள். சேமிப்புக்காகக் கூடினாலும், கூடுவதே ஒரு மருந்து.

அடுத்த படி, ஒரே ஒருவரிடம் உண்மையைச் சொல்வது. யார் அறிவுரை சொல்லாமல் கேட்பாரோ அவரிடம். நான் பால்ய நண்பன் ஒருவனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் காலை நடக்க வந்து வாசலில் நின்றான். இருவருமாகச் செய்ய ஒப்புக்கொண்ட ஒன்றைத் தனியாகத் தட்டிக்கழிப்பது கடினம்.

மூன்றாவதாக, அந்தப் பயமுறுத்தும் கேள்விக்கு ஒரு பதிலை முன்பே தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். "இப்போது எங்கே வேலை?" என்றால், "கடையை மூடிவிட்டார்கள் அண்ணே, கணக்கு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன், எங்காவது தெரிந்தால் சொல்லுங்கள். உங்கள் மகள் கல்லூரி முடித்துவிட்டாளா?" மூன்று பகுதி. உண்மை, வேண்டுகோள், பேச்சை அவர் பக்கம் திருப்புவது. கண்ணாடி முன் நின்று நான்கு முறை சொல்லிப் பார்த்த பிறகு எனக்கு அந்தக் கேள்வியின் கூர் மழுங்கிவிட்டது.

இதில் ஒரு நடைமுறைப் பயனும் இருக்கிறது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதியது இன்றும் பேசப்படுகிறது: வேலை பற்றிய புதிய தகவல் நெருங்கிய உறவினரைவிட, எப்போதாவது பார்க்கும் அறிமுகமானவர்கள் வழியாகவே அதிகம் வந்து சேர்கிறது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஆக, வெட்கப்பட்டு நாம் ஒதுங்கிப்போகும் அந்த அரைகுறை அறிமுகங்கள்தாம் கதவு திறக்கக்கூடியவர்கள். எனக்கு அடுத்த வேலை போடிநாயக்கனூரில் கிடைத்தது. சொன்னவர் அந்த பஸ் நிறுத்தத்தில் பேசிய இருவரில் ஒருவர்.

யாரிடமும் வாய் திறக்க முடியாதவர்கள் எழுதலாம். 1994-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வேலையிழந்த பொறியாளர்களில் ஒரு பகுதியினர் ஐந்து நாட்கள், நாளுக்கு இருபது நிமிடம், அந்த இழப்பைப் பற்றி மனத்தில் உள்ளதை ஒளிக்காமல் எழுதினார்கள். அவர்கள் மற்றவர்களைவிட விரைவாக வேலையில் சேர்ந்தார்கள். கோபத்தைத் தாளில் கொட்டியவர் அதை நேர்காணலுக்குத் தூக்கிக்கொண்டு போவதில்லை போலும்.

வீட்டாருக்கு

அன்பினால்தான் கேட்கிறீர்கள், தெரியும். ஆனால் மாலைதோறும் "ஏதாவது அமைந்ததா?" என்று கேட்காதீர்கள். அமைந்தால் அவரே ஓடிவந்து சொல்வார். வாரத்தில் ஒருநாள், ஒரு நேரம், அதைப் பற்றிப் பேசலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வீட்டில் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். ஆனால் எடுபிடி வேலையாக இல்லாமல், அவர் இல்லாவிட்டால் நடக்காது என்ற பொறுப்பாக. என் மனைவி மகனின் கணக்குப் பாடத்தை முழுவதுமாக என்னிடம் விட்டாள். மாலை ஆறு மணிக்கு ஒருவன் எனக்காகக் காத்திருந்தான். ஆண்கள் குடியில் போய் விழும் காலமும் இதுதான். மது சில மணிநேரம் மரத்துப்போக வைத்துவிட்டு, தூக்கத்தையும் மறுநாள் மனத்தையும் இன்னும் கெடுக்கும்.

இவை போதாமல் போகும் இடம்

வேலையிழந்தவர் வருந்துவது இயல்பு. ஆனால் நாளின் பெரும்பகுதியும், ஏறக்குறைய எல்லா நாளும், இரண்டு வாரத்துக்கு மேல் மனம் தாழ்ந்தே இருந்தால், அல்லது எதிலும் நாட்டமே இல்லாமல் போனால், கூடவே தூக்கம், பசி, கவனம் கெட்டு, "நான் எல்லோருக்கும் பாரம்" என்ற எண்ணம் அரித்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சர்க்கரை நோய்க்கு மருத்துவரிடம் போவதுபோல இதற்கும் போக வேண்டும். தைராய்டுக் குறைவும் ரத்தசோகையும் இதேபோன்ற சோர்வைத் தரும் என்பதால் மருத்துவர் அவற்றையும் பார்ப்பார். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போக்குவரத்துக்கும் காசில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்யலாம். டெலிமானஸ் என்ற பெயரில் மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை. கட்டணம் இல்லை, இருபத்து நான்கு மணிநேரமும் இயங்குகிறது, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேரளத்தில் இருப்பவர்களுக்கு 1056, தமிழ்நாட்டில் 104.

சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் நாளை வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் அப்படியே அந்தச் சொல்லைச் சொல்லுங்கள், 14416 என்ற எண்ணை அழுத்துங்கள். வீட்டாரும் அந்த நிலையில் அவரைத் தனியே விடாதீர்கள். தோட்ட மருந்து, பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் அன்றே அப்புறப்படுத்துங்கள். ஏலத்தோட்டம் சூழ்ந்த ஊர்களில் அது எந்தப் பரணில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

தொலைபேசியில் என்ன பேசுவது என்று தயங்குகிறவர்களுக்கு, நான் பேசியதைச் சொல்கிறேன். எதிர்முனையில் ஒரு பெண் குரல் வணக்கம் சொன்னது. எனக்கு வார்த்தை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு வேலை போய் ஆறு மாதம் ஆகிறது, தூக்கம் வரவில்லை" என்றேன். "சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றார். அங்கிருந்து தொடங்கினேன்.